ஏழு வரை

அர்ஸ்லான்பாப் பள்ளியில் நாற்காலிகள் எல்லாம்
எட்டு வயதுக்கு அளவெடுத்துச் செய்தவை.
முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தேன்.
கோட்டுப் பையில் நான்கைந்து அக்ரூட்.
கூட்டம் என்றால் எதையாவது உருட்ட வேண்டும் எனக்கு.

படிவத்தில் மகன் பெயர், வயது பத்து,
கீழே ஒரு வரி:
கேள்விகளுக்குப் பதில் அளிப்பதில்லை.

ரானோ அதை இரண்டு தரம் படித்தாள்.
"மேலே பார்த்தால் ஆமாம்.
கண்ணை மூடித் திறந்தால் இல்லை.
இரண்டு வயதிலிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறான்.
நீங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால்
அவன் என்ன செய்வான்?"

ஓஷிலிருந்து புதிதாய் வந்த ஆசிரியை நுர்சாத்
அளவுகோல் வைத்து அந்த வரியை அடித்தார்.
மன்னிப்புக் கேட்கவில்லை.
எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு எங்களை விட்டுவிட்டு
அவன் பக்கம் திரும்பினார்.
"சர்வார், ஜன்னலைச் சாத்தட்டுமா?"

"சாத்துங்கள், அவனுக்குக் குளிரும்" என்றேன்.
"வேண்டாம், காற்றென்றால் உயிர் அவனுக்கு" என்றாள் ரானோ.
அக்கா மொஹிரா எழுந்துபோய்
பாதி சாத்தினாள்.

நுர்சாத் பேனாவை மூடினார்.
"நான் அவனைக் கேட்டேன்.
இனிமேல் கேட்டுவிட்டு மனசுக்குள் ஏழு வரை எண்ணுங்கள்.
அதுவரை வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது."

எங்களுடையது அவசரக் குடும்பம்.
காட்டில் அக்ரூட் உதிர்வது ஒரே மாதம்.
நாம் குனியவில்லையென்றால்
காட்டுப்பன்றி குனியும்.

மறுபடி கேட்டார்.
ஒன்று.
இரண்டில் அவன் கழுத்து கதவுப் பக்கம் சாய்ந்தது.
களைத்துவிட்டான் என்று சொல்ல வந்தேன், விழுங்கினேன்.
நான்கில் ரானோவின் நகம் என் சட்டைக் கைக்குள்.
தாழ்வாரத்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்,
முடிவே இல்லாமல்.
ஆறு.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்
கண்கள் மேலே போயின,
கூரையில் எழுதியிருப்பதைப் படிப்பதுபோல.

ஜன்னலை முழுசாகச் சாத்தினோம்.
நான் சொன்னதுதான் சரி என்று
வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

அன்று இரவு, வழக்கம்போல,
கல்லில் அக்ரூட் இடித்துப் பாலில் கரைத்தேன்.
மூளைக்கு நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து
தினம் ஒரு கோப்பை, எட்டு வருஷமாக.
கரண்டி அவன் உதட்டருகே இருக்கும்போதுதான் தோன்றியது.
"சர்வார், அக்ரூட் பால் வேண்டுமா?"

எண்ணினேன்.
மூடித் திறந்தான்.

தூசி விழுந்திருக்கும்.
மறுபடி கேட்டேன், மறுபடி எண்ணினேன்.
மூடினான். திறந்தான்.
இந்தத் தடவை நிதானமாக,
மந்தமான மாணவனுக்குச் சொல்லித் தருவதுபோல.

கிட்டத்தட்ட மூவாயிரம் கோப்பை.
எங்கள் கூரைத் தகடு அக்ரூட் காசு,
அவன் நாற்காலிக்குப் போட்ட சைக்கிள் சக்கரம் அக்ரூட் காசு.
அவனுக்கோ அக்ரூட் பிடிக்காது.

முதலில் மொஹிரா சிரித்தாள்.
அப்புறம் அவன், உடம்பு முழுக்க.
கால் உதறியதில் கோப்பை கவிழ்ந்தது.
யாரும் துடைக்க எழவில்லை.

பள்ளியிலிருந்து வந்த தாளில் ஒரு கட்டம்:
'இந்த ஆண்டு குடும்பம் எதிர்பார்க்கும் முன்னேற்றம்.'
போன வருஷம் 'நடக்க வேண்டும்' என்று எழுதியிருந்தேன்.
இந்த வருஷம், என் கோணல் கையெழுத்தில்,
'அப்பா ஏழு வரை எண்ணப் பழக வேண்டும்.'

பழகவில்லை இன்னும்.
நேற்று ஐந்திலேயே உடைந்து
அவன் பதிலை நான் சொல்லிவிட்டேன்.
அவன் கண்ணை மூடினான்,
திறக்கவேயில்லை, சோறு ஆறும் வரை.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார் நுர்சாத்.
எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.
நோட்டில் எழுதிக்கொண்டார்,
'புதிய சொல்' என்று,
பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு.